ஹைலக்ஸ் பின் டிஃப்: ஓப்பன், எல்எஸ்டி, ஆட்டோ லாக்கர், ஏர் லாக்கர் நாலும் ஓட்டிப் பாத்தாச்சு

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், நான் போர்மேன் கிடையாது, ஒர்க்‌ஷாப்பும் இல்ல. மலேசியா பேராக்ல இருக்குற சுங்கை சிப்புட்டுல சின்ன சின்ன செம்பனைத் தோட்டங்கள்ல குலை ஏத்துற கான்ட்ராக்ட் எடுத்து ஓட்டிக்கிட்டு இருக்கேன், வண்டி ஹைலக்ஸ் வீகோ 2.5 மேனுவல், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. வார நாள்ல தோட்டத்துக்குள்ள பின்னாடி ட்ரெய்லர் மாட்டி குலை இழுக்கும், லீவு நாள்ல கூட்டாளிங்களோட லாசா தாண்டி கோலா மூ பக்கம் காட்டு ரோட்டுல ஏறும். அதாவது இழுக்குறதும் இதே வண்டி, சகதியில குளிக்கிறதும் இதே வண்டி. அதனால பின் டிஃப் எது போடுறதுன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, நானும் ஒவ்வொண்ணா போட்டுப் பாத்து காசு விட்டு இப்பதான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். இதே கேள்விய போன மாசம் மட்டும் மூணு பேரு கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய் வலிக்க சொல்றதுக்கு ஒரே தடவையா எழுதிரலாம்னு உக்காந்துட்டேன்.

டிஃப்னா (டிஃபரன்ஷியல்) என்னான்னு தெரியாதவங்களுக்கு, இஞ்சின் பலத்த ரெண்டு பக்க சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுத்து, வளைவுல ரெண்டையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர் செட். எங்க பாட்டி காலத்துல பால்மரம் வெட்டிட்டு காண்டா கம்புல ரெண்டு பக்கமும் வாளி மாட்டி தோள்ல தூக்கிட்டு ஸ்டோருக்கு நடப்பாங்க இல்ல, அத நெனச்சுக்குங்க. ரெண்டு வாளியிலயும் பாரம் சமமா இருந்தாதான் கம்பு நிக்கும். ஒரு வாளி காலின்னா அடுத்த வாளியிலயும் ரொப்ப முடியாது, ரொப்புனா கம்பு சாஞ்சிரும். கம்பெனியில இருந்து வர்ற ஓப்பன் டிஃப்பும் அதே கதைதான், ரெண்டு சக்கரத்துக்கும் எப்பவுமே சமமான முறுக்குதான் போகும். ஒரு சக்கரம் சகதியில வழுக்கி ஒண்ணும் புடிக்கலன்னா அந்தப் பக்கம் எவ்ளோ கொஞ்சம் தாங்குதோ அதே கொஞ்சம்தான் கெட்டியான தரையில நிக்கிற அடுத்த சக்கரத்துக்கும் கெடைக்கும். நெறைய பேரு "பவர் எல்லாம் வழுக்குற சக்கரத்துக்கு ஓடிருது"ன்னு சொல்றாங்க, அது சரியில்ல. சுத்துறது அந்த சக்கரம், ஆனா பலம் ரெண்டு பக்கமும் இல்லாம போயிருது, அதான் விஷயம். லாக்கர்ங்கறது ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா சுத்த வெக்கிற சாமான், அந்த காண்டா கம்ப தோளோட சேத்து ஆணி அடிச்ச மாதிரி. ஒரு பக்கம் காலியா இருந்தாலும் மறுபக்கம் தூக்கும். ஆனா ஆணி அடிச்சிட்டா வளைவுல திரும்பும்போது தோள் வலிக்கும், அதயும் சொல்றேன்.

ஓப்பன் டிஃப்ப ஆளுங்க ரொம்ப கேவலமா பேசுறாங்க, நான் அப்படி பேச மாட்டேன். ட்ரெய்லர் இழுக்க மட்டும்தான் வண்டின்னா ஓப்பனே போதும்லா. குலை ஒண்ணு சராசரியா 20 கிலோன்னு வெச்சா 65 குலைக்கு 1300 கிலோ, ட்ரெய்லர் எடை தனி. அதுல ஒரு பங்கு டோ பார் வழியா நேரா பின் ஆக்சில் மேலதான் உக்காரும், பின் சக்கரம் நல்லா அழுந்தி புடிக்கும், முன்னாடிதான் லேசாகும். காஞ்ச செம்மண் ரோட்டுல நான் ரெண்டு வருசம் ஓப்பன்ல இழுத்திருக்கேன், ஒரு கொறையும் இல்ல. பிரச்சனை எப்பன்னா லோடு எறக்கிட்டு காலி வண்டியா திரும்பும்போது, பின்னாடி வெயிட்டே இல்ல, ஒரு மழை பேஞ்சா போதும், குறுக்க ஒரு பள்ளம், ஒரு சக்கரம் அந்தரத்துல, முடிஞ்சிச்சு. காட்டு ரோட்டுல சொல்லவே வேணாம், மர லோரி போட்ட தடத்துல ஹைலக்ஸ் வயிறு தட்டி உக்காந்துச்சுன்னா முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு, குறுக்கால ரெண்டு சக்கரம் சும்மா சுத்தும், ஃபோர் வீல் போட்டும் வண்டி அசையாது. மொத தடவை இப்படி மாட்டுனப்ப "ஃபோர் வீல்னு சொல்லி ஏமாத்திட்டானுங்களே"ன்னு இருந்துச்சு.

அப்ப போட்டதுதான் எல்எஸ்டி, அதாவது லிமிடெட் ஸ்லிப் டிஃப், ஒரு சக்கரம் சும்மா சுத்துறத ஓரளவு கட்டுப்படுத்துறது. ஹாஃப் கட் கடையில, அதான் பாதியா வெட்டி வர்ற பழைய வண்டி சாமான் விக்கிற கடை, தவுக்கே (மொதலாளி) "ஜப்பான் சாமான், குட் குட்"னு சொல்லி ஒரு முழு குண்டாவே, அதாவது டிஃப் கியர் எல்லாம் அடங்கின உருண்டைய, எடுத்துக் குடுத்தாரு. ஹாஃப் கட் சாமான்ல எல்எஸ்டி வாங்குறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, அது உள்ள கிளட்ச் பிளேட் மாதிரி அடுக்கடுக்கா தகடு இருக்கு, அது தேயும். தேஞ்சிட்டா அது வெறும் ஓப்பன் டிஃப்தான், பேரு மட்டும் எல்எஸ்டி. எனக்கு வந்தது பாதி தேஞ்சது. ஈரப் புல்லு, லேசான சகதி, இதுக்கெல்லாம் நல்லா இருந்துச்சு, உண்மைய சொல்லணும்ல. ஒரு சக்கரம் முழுசா தூக்கிருச்சுன்னா மட்டும் கைவிட்டுரும். அதுக்கு ஒரு பழைய வித்தை, ஹேண்ட் பிரேக்க ரெண்டு மூணு பல்லு இழுத்துப் புடிச்சுக்கிட்டு மெதுவா ஆக்சிலரேட்டர் குடுத்தா சும்மா சுத்துற சக்கரத்துக்கு கொஞ்சம் எதிர்ப்பு கெடைச்சு அடுத்த பக்கம் கொஞ்சம் பலம் போகும், நம்ம ஹேண்ட் பிரேக் பின் டிரம்லதான புடிக்குது. ஓப்பன்லயும் இது ஓரளவு வேலை செய்யும், எல்எஸ்டில இன்னும் நல்லா. இன்னொண்ணு, அதுக்கு எல்எஸ்டின்னு போட்ட எண்ணெய், இல்லன்னா அதுக்குன்னு உள்ள அடிட்டிவ் சேக்கணும், சாதா எண்ணெய் ஊத்துனா திரும்பும்போது பின்னாடி கடகடன்னு உதறும். எனக்கு உதறுச்சு, நான் யூ-ஜாயிண்ட் போச்சுன்னு நெனச்சு அத வேற மாத்தி தண்டமா காசு போச்சு.

அடுத்தது ஆட்டோ லாக்கர். இதப் பத்திதான் நான் முக்கியமா எழுதணும்னு நெனச்சேன், ஏன்னா இந்தப் பக்கம் ஆஃப்ரோடு பசங்க எல்லாம் மலிவுன்னு இததான் போடுறானுங்க. உங்க பழைய டிஃப் கேஸ அப்படியே வெச்சுக்கிட்டு உள்ள இருக்குற சின்ன கியருங்கள மட்டும் எடுத்துட்டு அந்த எடத்துல பல்லு வெச்ச கட்டைங்கள போடுற டைப். கிரவுன் வீல் (டிஃப்புக்குள்ள இருக்குற பெரிய பல்சக்கரம்), பினியன் (அத சுத்துற சின்ன பல்சக்கரம்) செட்டிங்க தொடவே வேணாம், ஒரு நாள் வேலை, அதான் மலிவு. சுவிட்சும் இல்ல, குழாயும் இல்ல. ஆக்சிலரேட்டர் மிதிச்சா ரெண்டு சக்கரமும் ஒண்ணா சுத்தும், வளைவுல காலை எடுத்து விட்டா வெளிப்பக்க சக்கரம் டிக் டிக் டிக்னு தனியா ஓடிக்கும். என்ன பிராண்டுன்னு சொல்ல மாட்டேன், தப்பு சாமான் மேல இல்ல, அதோட குணமே அதுதான்.

சகதியில அது ராஜா. பொய் சொல்லல, லாசா போற வழியில ஒரு ஏத்தம் இருக்கு, எல்எஸ்டில நாலு தடவை ஓடி ஓடி ஏறுனத இதுல ஒரே மூச்சுல லோ கியர்ல நடந்து ஏறுனேன். பசங்க கை தட்டுனானுங்க. நானும் இதுக்கு மேல என்ன வேணும்னு இருந்தேன்.

மழைக்காலத்துல ஒரு நாள், எல்ஃபில் தோட்டத்து பக்கம், அதான் 1948 ஜூன் மாசம் கம்யூனிஸ்டுங்க தொரைய சுட்டு மலாயா எமர்ஜென்சி ஆரம்பிச்சிச்சே அந்தத் தோட்டம், அதுக்குக் கொஞ்சம் தள்ளி ஒருத்தரோட நெலத்துல இருந்து குலை ஏத்திக்கிட்டு வர்றேன். பின்னாடி ட்ரெய்லர் ஃபுல் லோடு. எறக்கம், ஈர செம்மண், நடுவுல எடப்பக்கம் ஒரு வளைவு. வேகம் 15 கூட இருக்காது. வளைவுல கொஞ்சம் ஆக்சிலரேட்டர் குடுத்தேன், ரெண்டு பின் சக்கரமும் லாக் ஆகி ஒண்ணா தள்ளுது, உள்பக்க சக்கரம் கம்மி தூரம்தான் போகணும் ஆனா வெளிப்பக்கத்தோட சமமா சுத்துது, ஈரத்துல வேற புடிமானம் இல்ல, மூக்கு திரும்பாம நேரா போக பாக்குது. பயந்து காலை எடுத்தேன். அங்கதான் தப்பு. காலை எடுத்த அந்த நொடி லாக்கர் டக்னு விட்டுக்கிச்சு, பின்பக்கம் ஒரு வெட்டு வெட்டுச்சு, பின்னாடி ஒன்னரை டன் ட்ரெய்லர் சும்மா இருக்குமா, அது தள்ளு தள்ளுன்னு தள்ளி வண்டி வாலு வெளிய போயி ட்ரெய்லரும் வண்டியும் கத்திரிக்கோல் மாதிரி மடங்கிக்கிச்சு. ட்ரெய்லர் லோங்காங்ல (வாய்க்கால்ல) எறங்கி குலை எல்லாம் உருண்டு, என் பக்கத்துல உக்காந்திருந்த பையன் "அண்ணே அண்ணே"ன்னு கத்துனது இன்னும் காதுல இருக்கு. யாருக்கும் அடி இல்ல, மாரியாத்தா புண்ணியம். சைடு பாடி நசுங்குனது, டோ பார் வளைஞ்சது, குலை பொறுக்குன கூலின்னு செலவு அந்த லாக்கர் வெலைய விட டபுள் ஆச்சு.

அன்னிக்கு ராத்திரிதான் புரிஞ்சிச்சு எனக்கு. டிஃப் வாங்கும்போது எல்லாரும் "லாக் ஆகுறப்ப எப்படி இழுக்கும்"னுதான் கேக்குறோம். வண்டி ஓடுற நேரத்துல பெரும்பகுதி லாக் வேணாத நேரம்தான். அப்ப எது வாலாட்டாம சும்மா கெடக்குதோ அதத்தான் வாங்கணும். முக்கியமா பின்னாடி பாரம் இழுக்குறவங்க. ட்ரெய்லர் இல்லாம சகதி வெளையாட்டுக்கு மட்டும் வண்டி வெச்சிருக்குறவனுக்கு ஆட்டோ லாக்கர் நல்ல சாமான்தான், அவன் கணக்கு வேற. அமெரிக்காக்காரன் டெட்ராய்ட் லாக்கர்னு இதே வழியில வேலை செய்ற முழு சைஸ் சாமான 1940கள்ல இருந்து லோரிக்கும் ராணுவ வண்டிக்கும் செஞ்சுக்கிட்டுதான இருக்கான். அது உறுதி, ஆனா அதோட மூடு உங்க கையில இல்ல, அதான் எனக்கு ஒத்து வரல. டிஃப்ப வெல்டிங் வெச்சு கட்டுறது இன்னும் மலிவு, அதப் பத்தி பேசவே வேணாம், ரோட்டுல ஓடுற வண்டிக்கு அத செஞ்சா டயரும் ஆக்சில் ஷாஃப்ட்டும் வம்பா போகும்.

கியர் டைப் எல்எஸ்டி ஒண்ணு இருக்கு, ஈட்டன் ட்ரூட்ராக், டார்சன் அந்த ரகம், தகடு கெடையாது, சாய்வு பல்லு கியர் மட்டும், தேயுறது ரொம்ப கம்மி, அடிட்டிவும் வேணாம். கூட்டாளி ஒருத்தன் வண்டியில ஓட்டிப் பாத்தேன், தார் ரோட்டுல மழையில ட்ரெய்லரோட போறதுக்கு இதவிட சுகமானது ஒண்ணும் இல்ல, இருக்குறதே தெரியல. ஆனா அது பெருக்கல் கணக்குல வேலை செய்யுது, புடிமானம் கம்மியான சக்கரத்துல எவ்ளோ தாங்குதோ அதப் போல ரெண்டு மூணு மடங்குதான் அடுத்த பக்கம் அனுப்பும். சக்கரம் அந்தரத்துல தூக்கிருச்சுன்னா பூஜ்யத்த எத்தனையால பெருக்குனாலும் பூஜ்யம்தான, திரும்ப பிரேக்க மிதிச்சுக்கிட்டு வித்தை காட்டணும். காடு கம்மி, ரோடும் இழுவையும் அதிகம்னு இருக்குறவங்க கண்ண மூடிக்கிட்டு இத போடலாம். எனக்கு காடு வேணும்.

இந்த எடத்துல ரேஷியோ பத்தி சொல்லணும், ஏன்னா டிஃப் மாத்தப் போறேன்னு சொன்னதும் பாதி பேரு "அப்படியே கியர் ரேஷியோவையும் மாத்திரு"ன்னு சொல்வாங்க. என் வண்டியில பல்லு எண்ணிப் பாத்தா கிரவுன் 41, பினியன் 10, அதாவது 4.1. நான் முன்ன 265/70 ஆர்16 டயர் போட்டிருந்தேன், அது சுமாரா 777 மில்லி உயரம். ஆசப்பட்டு 285/75 ஆர்16 போட்டேன், அது 834 மில்லி கிட்ட, 33 இஞ்சுன்னு சொல்றது. உயரம் 7 சதவீதம் ஏறிச்சு, அப்ப 4.1 வண்டி 3.8 வண்டி மாதிரி சோம்பேறி ஆயிருது, மீட்டர்ல 100 காட்டுனா நெசமா 107ல போவீங்க, ஸ்பீட் கேமராக்காரனுக்கு சந்தோசம். பழைய இழுவைய திரும்ப கொண்டு வரணும்னா 4.4 கிட்ட வேணும். டொயோட்டால கெடைக்கிறது 43க்கு 10, அது 4.3, இல்லன்னா 41க்கு 9, அது 4.55. சரி போடலாம்னு நெனச்சா, ஃபோர் வீல்ல முன்னாடியும் பின்னாடியும் ஒரே ரேஷியோ இருந்தாகணும். பின்னாடி மட்டும் மாத்திட்டு ஃபோர் வீல் போட்டீங்கன்னா முன்னும் பின்னும் வேற வேற வேகத்துல இழுத்து ட்ரான்ஸ்ஃபர் கேஸ், அதான் முன்னுக்கும் பின்னுக்கும் பலத்த பிரிக்கிற கியர் பெட்டி, ஒடஞ்சு கையில வந்துரும். அதனால செலவு ரெண்டு மடங்கு, கூலியும் ரெண்டு மடங்கு. இதுல வேடிக்கை என்னான்னா 4.1ல இருந்து 4.3க்குப் போனா கெடைக்கிறது 5 சதவீதம் இழுவை. லோ லீவர, அதான் ஃபோர் வீல்ல மெதுவா பலமா இழுக்குறதுக்கு உள்ள கியர, ஒரு தடவை தள்ளுனா 2.566 மடங்கு இழுவை கெடைக்குது, அது ஏற்கனவே வண்டியில சும்மா இருக்கு. நான் டயர எறக்கி 265/75 போட்டுட்டேன், ரேஷியோவ தொடல. தோட்டத்துல இழுக்குறது மொத ரெண்டு கியர்லயும் லோலயும்தான், ஹைவேல கேரவான் இழுக்குற ஆஸ்திரேலியாக்காரன் கணக்கு நமக்கு ஒத்து வராது. பெரிய டயரு மட்கார்ட்ட விட்டு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ரோட்பிளாக்ல வேற பதில் சொல்லணும். ஹாஃப் கட்ல முழு குண்டு வாங்குறவங்களும் கடையிலயே பல்லு எண்ணிருங்க, தவுக்கே "சேம் சேம்"னுதான் சொல்வாரு.

கடைசியா சுவிட்ச் லாக்கர். ரெண்டு வகை, காத்துல வேலை செய்றது, கரண்டுல வேலை செய்றது. கரண்டுதுக்கு வயர் மட்டும் போதும், கம்ப்ரசர் வேணாம், சுலபம். புது ஹைலக்ஸ், ரேஞ்சர், ட்ரைட்டன் எல்லாத்துலயும் சில வேரியண்ட்ல கம்பெனியிலேயே பின் லாக் வருது, வாங்குறப்பவே அப்படி பாத்து வாங்குனா இந்தக் கட்டுரையே படிக்க வேணாம். ஆனா டொயோட்டா கம்பெனி லாக்கர் குண்ட ஹாஃப் கட்ல புடிச்சு சாதா ஆக்சில்ல மாட்டிரலாம்னு நெனக்காதீங்க, ஹவுசிங்லயே வெட்டி ஒட்டுற வேலை இருக்கு. நான் எடுத்தது ஏ.ஆர்.பி. ஏர் லாக்கர், 1975ல மெல்பர்ன்ல ஆரம்பிச்ச கம்பெனி, லாக்கர் வேலைக்கு அவங்க வந்தது 1987ல வேற ஒரு லாக்கர் கம்பெனிய வாங்கினதுக்கு அப்புறம். இங்க ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்னு காட்டு ரோட்டு வண்டிப் போட்டி 1997ல தொடங்கினதுல இருந்து பெரிய வண்டிங்க அடியில குனிஞ்சு பாத்தா இந்த நீலக் குழாய் நெறைய தெரியும். காத்து எடுக்க காரணம் ரெண்டு. ஒண்ணு, கம்ப்ரசர் வந்துருச்சுன்னா டயருக்கும் காத்து அடிச்சுக்கலாம், சகதியில எறங்குறதுக்கு முன்னாடி எறக்குன காத்த தார் ரோட்டுல ஏறுனதும் அங்கயே ரொப்பிக்கலாம், பெட்ரோல் ஸ்டேஷன் தேடி அலைய வேணாம். ரெண்டு, சுவிட்ச அணைச்சா காத்து வெளிய போயி உடனே ஓப்பன் டிஃப். அணைச்சிருக்கும்போது அது கம்பெனி டிஃப்தான், வேற ஒண்ணும் இல்ல, எனக்கு வேண்டியது அதுதான். வெல? ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் மோட்டோ வாங்குற காசு லாக்கருக்கும் கம்ப்ரசருக்கும் போச்சு. வீட்டுல இன்னிக்கு வரைக்கும் பாதி வெலைதான் சொல்லி வெச்சிருக்கேன்.

சாமான விட மாட்டுற ஆளு முக்கியம், இத பெரிய எழுத்துல எழுதணும். ஏர் லாக்கர் போடணும்னா கிரவுன் வீல கழட்டி புது கேஸ்ல மாட்டி எல்லாத்தையும் திரும்ப செட் பண்ணணும். மொத தடவை ஒரு டவுன் ஒர்க்‌ஷாப்ல குடுத்தேன், பேரு வேணாம். ஏசி வெயிட்டிங் ரூம், இலவச மைலோ, எல்லாம் இருந்துச்சு. ஒரே நாள்ல முடிச்சுக் குடுத்தாங்க. திரும்ப வீட்டுக்கு வர்றப்பவே 70 கிட்ட ஊஊஊன்னு ஊளை, ஆக்சிலரேட்டர விட்டா நின்னுரும், மிதிச்சா திரும்ப ஊளை. அப்படி மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டா கிரவுனும் பினியனும் சரியா கடிக்கலன்னு அர்த்தம், எந்நேரமும் உறுமிக்கிட்டே இருந்தா பேரிங். திரும்பக் கொண்டு போனா "லாக்கர் போட்டா சத்தம் வரும் போஸ், நார்மல்"னு சொல்றாங்க. நார்மல் இல்ல. சுவிட்ச் அணைச்சிருக்கும்போது ஏர் லாக்கர்ல சத்தமே வரக் கூடாது.

அப்புறம் எங்க ஊரு பக்கமே ஒரு அங்கிள், மர லோரி ஆக்சில் பாத்தே வயசானவரு, தகரக் கூரை, ஒரு மாமரம், ஏசியும் இல்ல மைலோவும் இல்ல. குண்ட வெளிய எடுத்துப் பாத்துட்டு கிரவுன் வீல கையால ஆட்டுனாரு, "தம்பி இது என்ன ஊஞ்சலா"ன்னாரு. டயல் கேஜ் வெச்சா பேக்லாஷ், அதான் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல உள்ள ஆட்டம், கால் மில்லிக்கு மேல காட்டுது. இந்த 8 இஞ்சு டிஃப்புக்கு 0.13ல இருந்து 0.18 மில்லிக்குள்ளதான் இருக்கணும், கட்டை வெரல்ல இருக்குற ஒரு முடி ரெண்டு முடி கணக்கு. அவரு பல்லு மேல மஞ்சள் பேஸ்ட் தடவி சுத்தி, தடம் பல்லு நடுவுல விழுதா ஓரத்துல விழுதான்னு பாத்து, கழட்டி, ஷிம் (எடைவெளிய சரி பண்ற மெல்லிசு தகடு) மாத்தி, திரும்ப தடவி, திரும்ப கழட்டி, நான் பக்கத்துல உக்காந்து மூணு தே குடிச்சிட்டேன். பினியன் பேரிங் இறுக்கத்த அளக்குறதுக்கு ஃபிளேஞ்சுல கயிறு சுத்தி மீன் தராசு மாதிரி ஸ்பிரிங் தராசுல இழுத்துப் பாத்தாரு, சிரிக்காதீங்க, சரியான முறைதான் அது, வெலை கூடின டார்க் மீட்டர் செய்ற அதே வேலை. பினியன்ல நசுங்குற ஸ்லீவ எடுத்துட்டு நசுங்காத கெட்டி ஸ்பேசர் போட்டாரு, பாரம் இழுக்குற வண்டிக்கு அதுதான் நிக்கும்னு சொன்னாரு. ஷாஃப்ட் வெளிய வந்ததோட ரெண்டு பக்க ஆயில் சீலும் மாத்தியாச்சு, இல்லன்னா எண்ணெய் கசிஞ்சு பிரேக் ஷூல எறங்கும், ட்ரெய்லரோட எறக்கத்துல பிரேக் வழுக்குனா என்ன ஆகும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ரெண்டு நாள் எடுத்தாரு. சத்தம் சுத்தமா போச்சு. கூலி டவுன் கடையில பாதி கூட இல்ல, நான்தான் மேல கொஞ்சம் வெச்சு குடுத்துட்டு வந்தேன்.

மாட்டுன ஒடனே பாரம் ஏத்தாதீங்க. மொதல்ல ஒரு 30 கிலோமீட்டர் மெதுவா ஓட்டி நிப்பாட்டி டிஃப் நல்லா ஆறட்டும், அப்படி ரெண்டு மூணு தடவை, புது கியர் ஒண்ணோட ஒண்ணு பழகுறப்ப சூடு ஜாஸ்தி வரும். 800 கிலோமீட்டர்ல எண்ணெய் மாத்திருங்க, மேக்னட் பிளக்ல வெள்ளி மாவு மாதிரி இருந்தா பரவால்ல, நகம் சைஸ்ல துண்டு இருந்தா கவலைப்படணும். ட்ரெய்லர் அதுக்கப்புறம்தான். எண்ணெய் ஜிஎல்-5 தரத்துல இருக்கணும், நான் 85டபிள்யூ-140 ஊத்துறேன், பாரமும் சூடும் இருக்குறதால கெட்டியானது, 4 லிட்டர் டின் ஒண்ணு போதும்.

இப்ப ஏழெட்டு மாசமா ஓடுது. தோட்டத்துல ட்ரெய்லரோட ஈர ஏத்தம், ஏறுறதுக்கு முன்னாடி நிப்பாட்டி, லோ போட்டு, சுவிட்ச தட்டி, கம்ப்ரசர் டர்ர்னு ஓடி நிக்கிற சத்தம் கேட்டதும் மெதுவா ஏத்துனா மாடு ஏறுற மாதிரி ஏறுது. மேல போனதும் அணைச்சிருவேன், வளைவுல ஓப்பன்ல திரும்பும், அந்த எல்ஃபில் பக்க வளைவுல இப்ப எறங்குறப்ப கை நடுங்கல. சுங்கை பிளஸ் கிளை ஆத்து கல்லு மேல ஒரு சக்கரம் தூக்குனப்பவும் அப்படியே நடந்துச்சு. ஒரு எடத்துல மட்டும் ஏமாந்தேன், பக்கவாட்டு சரிவு. ஒரு பக்கம் மலை ஒரு பக்கம் பள்ளம், ஈர எலை, அதுல லாக் போட்டா ரெண்டு பின் சக்கரமும் ஒண்ணா வழுக்கி வண்டி வாலு பள்ளத்துப் பக்கம் நழுவுது, ஓப்பன்ல இருந்தா ஒரு சக்கரமாவது சுத்தாம ஊனிக்கிட்டு நிக்கும். அந்த மாதிரி எடத்துல சுவிட்ச் பக்கம் கையே போகக் கூடாது. காத்துக் குழாய் ஒரு தடவை உருகிச்சு, அது என் தப்பு, அங்கிள் கட்டி விட்டத அவிழ்த்து நானே வேற வழியா இழுத்து எக்ஸாஸ்ட் பக்கத்துல விட்டுட்டேன். வண்டியில ரெண்டு மீட்டர் ஸ்பேர் குழாயும் ஜாயிண்ட்டும் எப்பவும் வெச்சிருங்க, கரண்டு லாக்கர் வெச்சிருக்குறவங்களுக்கு இந்த தொல்லை இல்ல, அத ஒத்துக்கிறேன்.

முன்னாடிக்கும் ஒண்ணு போடலாமான்னு கேக்குறாங்க. முன்னாடி லாக் போட்டா ஸ்டியரிங் லேசுல திரும்பாது, ஹைலக்ஸ் முன் ஷாஃப்ட் வேற மெலிசு, அந்தக் காசுக்கு மாட்டுன வண்டிய கயிறு சுத்தி இழுக்குற நல்ல வின்ச் வாங்கிருவேன்.

ஆத்துல எறங்குறவங்களுக்கு இன்னொண்ணு. டிஃப் சூடா இருக்கும்போது பச்சத் தண்ணில எறக்குனா உள்ள காத்து சுருங்கி தண்ணிய உறிஞ்சிக்கும், பிரீதர் (டிஃப் மேல காத்து போயி வர்ற ஓட்டை) மூடி வழியாவோ சீல் வழியாவோ. நான் ஒரு தடவை தெறந்து பாத்தப்ப எண்ணெய் சரியான தே தாரிக் கலர்ல நொரையோட வந்துச்சு, அங்கிள் "சீனி போதுமா பாரு"ன்னு சிரிக்கிறாரு. அதனால பிரீதருக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி மேல தூக்கி கட்டணும், வெல ஒரு பசியாறுற காசுதான். என்னோடது இப்ப டீசல் ஊத்துற மூடி உயரத்துலதான் நிக்குது, அது பத்தாது, தீவாளி மழை ஆரம்பிக்கிறதுக்குள்ள பின் லைட்டு வரைக்கும் ஏத்திரணும்.